நோஸ்ஃபெராட்டுவுக்கு வாசித்த இரண்டு இரவுகள்

குதிரை வண்டி காட்டுக்குள் தடதடவென்று பாய்ந்து வந்ததும் அரங்கமே சிரித்துவிட்டது. எண்பது பேர் இருப்பார்கள். அந்த நேரத்தில் நான் பியானோவின் அடிக்கட்டைகளில் இரண்டு கைகளாலும் இடி இடித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டதும் பதற்றத்தில் இன்னும் வேகமாக இடித்தேன். சிரிப்பும் இன்னும் பெரிதானது. திரையில் முகமூடி போட்ட வண்டிக்காரன், கீழே வியர்த்து வழியும் நான். பேய்ப் படம் அந்தப் பத்து விநாடியில் நகைச்சுவைத் துணுக்காகிவிட்டது.

சிங்கப்பூர் அங் மோ கியோவில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எட்டாம் கிரேடு தேர்வு முடித்தவள். அதற்கு முன்னால், உயர்நிலை இரண்டு வரை, சனிக்கிழமை காலைகளில் அம்மா இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்த பாட்டு வகுப்பும் உண்டு. அதை விட்டுப் பல வருடம் ஆயிற்று. ஊமைப் படத்துக்கு நேரலையில் வாசித்த அனுபவம் சுத்தமாகக் கிடையாது. சின்னதாக ஒரு திரைப்படக் குழு நடத்தும் தம்பி ஒருவர்தான் கூப்பிட்டுக் கேட்டார்: “அக்கா, பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டே சும்மா வாசிச்சுக் காட்டுவீங்கல்ல, அதையே ஒரு படத்துக்குச் செய்யுங்களேன்.” கதைக்குச் சும்மா வாசிப்பதற்கும் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு வாசிப்பதற்கும் உள்ள தூரம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சரி என்றேன்.

படம் ‘நோஸ்ஃபெராட்டு’. ஜெர்மனிக்காரர் முர்னாவ் எடுத்தது. 1922 மார்ச் 4ஆம் தேதி பெர்லின் விலங்குத் தோட்டத்தின் மண்டபத்தில் முதலில் காட்டினார்கள். டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்துப் பேர்களை மட்டும் மாற்றியிருந்ததால், நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். 1925இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போய்விட்டதால்தான் இன்று நாம் பார்க்கிறோம். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஹான்ஸ் எர்ட்மான் என்பவர் இந்தப் படத்துக்கென்றே இசை எழுதியிருந்தார். அதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. படம் தப்பித்தது, இசை தப்பவில்லை. அதனால்தான் என்னைப் போன்ற ஆட்களுக்கும் அதன் முன்னால் உட்கார இடம் கிடைக்கிறது.

நல்லவேளையாக ஆரம்பத்திலேயே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்திருந்தேன். முதல் தடவை பார்க்கும்போதே சத்தத்தை அணைத்துவிட்டேன். இணையத்தில் கிடைக்கும் ஒவ்வொரு பிரதியிலும் யாரோ ஒருவருடைய இசை ஒட்டியிருக்கும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் போதும், பிறகு நாம் என்ன வாசித்தாலும் அதன் நிழலாகத்தான் வரும். வாசிக்காமல், வெறுமனே, மூன்று முறை பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றில் கண்ணில் பட்டதை மட்டும் எழுதினேன்: பூனை, ஜன்னல். ரொட்டி வெட்டும்போது விரலில் ரத்தம். எலும்புக்கூடு மணி அடிக்கும் கடிகாரம். கதவு தானாகத் திறக்கிறது. இப்படி நாற்பது வரிகள்.

பயிற்சிதான் பெரும்பாடு. என் வீட்டுப் பியானோ சுவரோரம் நிற்கும் அப்ரைட். சுவரில் தொலைக்காட்சிக்கு இடமில்லை. மகனின் மடிக்கணினியைப் பியானோ மேல் வைத்து, கட்டைகளைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து வாசிக்கப் பழகினேன். இருபது வருடம் தாளைப் பார்த்து வாசித்தவளுக்குக் கட்டையைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். தாள் அசையாது, படம் அசையும். கண் அதன் பின்னாலேயே போய்விடும், கை எங்கேயாவது நிற்கும். ஒரே மூச்சில் முழுப் படத்தையும் வாசிக்கப் பார்த்து இரண்டாம் நாளே மணிக்கட்டு வலி வந்தது. அதற்குப் பிறகு இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன்.

கீழ்மாடி மலாய் மாச்சிக் (மலாயில் அத்தை என்பதுபோல) ஒருநாள் மின்தூக்கியில் பிடித்துக்கொண்டார். “தினமும் யார் வீட்டில் சாவு?” என்று கேட்டார். பேய்ப் படம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய அம்மா கல்யாணமான புதிதில் கேத்தே திரையரங்கில் வாழைமரத்தில் குடியிருக்கும் பெண் பேயின் படமான ‘பொந்தியானாக்’ பார்த்துவிட்டு ஒரு மாதம் வாழைமரத்துப் பக்கமே போகவில்லையாம். 1957இல் சிங்கப்பூரிலேயே எடுத்த படம் அது. இயக்கியவர் கேரளத்திலிருந்து வந்த பி.என்.ராவ். தடை போட்டு அழிக்கச் சொன்ன ஜெர்மன் படம் நூறு வருடம் தாண்டி நிற்கிறது. இங்கே மாதக்கணக்கில் ஓடிய படத்துக்கு ஒரு பிரதிகூட மிச்சமில்லை. நான்காம் மாடி வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

முதல் இரவு ஏழாம் மாதத்தில் வந்தது. சீனர்களின் பசித்த ஆவிகள் மாதம். புளோக்குக்குப் புளோக் காகிதம் எரிகிற வாசனை. கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி மேடைகளில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவார்கள். எங்கள் அரங்கிலும் முன்வரிசை காலியாகத்தான் இருந்தது, ஆனால் அது கழுத்து வலிக்குப் பயந்து. அந்தக் கழுத்து வலி முழுக்க எனக்கு வந்து சேர்ந்தது. பியானோவைத் திரைக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். எண்பது நிமிடம் அண்ணாந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதைக் கோடாலித் தைலம் விற்பவர்களிடம் கேளுங்கள். (தைலத்தைக் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விரலில் பட்டால் கட்டை வழுக்கும். சொந்த அனுபவம்.)

அதைவிடப் பெரிய அடி படம் ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் விழுந்தது. ஏற்பாட்டாளர்கள் கொண்டுவந்திருந்தது வேறு பிரதி. நான் பழகியது சாயம் ஏற்றிய, 94 நிமிடப் பதிப்பு. அதில் இரவுக் காட்சிகள் நீலமாக இருக்கும், விளக்கு எரியும் அறைகள் மஞ்சளாக இருக்கும். வந்திருந்ததோ வெறும் கறுப்பு வெள்ளை, நீளமும் குறைவு. எழுத்து அட்டைகளில் பேயான ஓர்லோக் பிரபு டிராகுலா ஆகியிருந்தார், அவர் கோட்டைக்குப் போய் மாட்டிக்கொள்ளும் ஹுட்டர் ஹார்க்கர் ஆகியிருந்தார். பேர் மாறினால் என்ன என்று தோன்றும். என் நாற்பது வரிகளில் பாதி ‘நீலம் வந்ததும்’ என்றுதான் தொடங்கும். நீலம் வரவே இல்லை. அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளையும் பகல் வெளிச்சத்தில்தான் படமாக்கினார்கள். நீலச் சாயம்தான் அதை இரவாக்கியது. சாயம் போனால் பேய் பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துபோகும். அங்கேயும் சிரித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் யாராவது உங்களை இப்படி வாசிக்கக் கூப்பிட்டால், சம்பளம் பேசுவதற்கு முன்னால் அன்றைக்கு ஓடப்போகும் அதே படக் கோப்பைக் கேளுங்கள். ‘அதே படம்தான்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். ஊமைப் படக் காலத்தில் ஓட்டும் வேகமே நிலையாக இல்லை. ஒருவர் விநாடிக்கு 18 சட்டம் (ஃப்ரேம்) ஓட்டியதை இன்னொருவர் 24 ஓட்டினால், நிமிடக் கணக்கு வைத்து எழுதிய குறிப்பெல்லாம் குப்பைதான்.

ஆனால் பிரதி மட்டுமே காரணம் என்று நான் சொன்னால் அது பொய். படம் முடிந்து எல்லாரும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். என்னிடம் படிக்கும் பதினோரு வயதுப் பையன் அப்பாவோடு வந்திருந்தான். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “டீச்சர், பேய் வர்றதுக்கு முன்னாடியே நீங்க சொல்லிடுறீங்க.”

அன்றிரவு எம்ஆர்டி ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்குப் படம் மனப்பாடம். அடுத்து கதவு திறக்கும் என்று தெரியும். அதனால் கதவு திறப்பதற்கு நாலு விநாடி முன்பே என் இடது கை அடிக்கட்டையில் உறும ஆரம்பித்துவிடுகிறது. பார்ப்பவனுக்கு நான் ரகசியத்தை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கதை கேட்கும் குழந்தையிடம் ‘இப்ப புலி வரும் பாரு’ என்று சொல்லிவிட்டுப் புலி மாதிரி கத்துகிற மாமாவைப் போல. போதாததற்கு எண்பது நிமிடமும் ஒரு விநாடி விடாமல் வாசித்திருந்தேன். மௌனம் விழுந்தால் மறந்துவிட்டாள் என்று நினைப்பார்களோ என்ற பயம். பேய்க்கு நான் பயப்படவில்லை, அமைதிக்குப் பயந்தேன்.

இரண்டாவது வாய்ப்பு நான்கு மாதம் கழித்து, வேறு ஏற்பாட்டாளர்கள், வேறு அரங்கம். இந்த முறை படக் கோப்பை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். சாயம் ஏற்றிய பதிப்பு. பியானோவைத் திரைக்குப் பக்கவாட்டில், சாய்வாகப் போடச் சொன்னேன். தாள் வைக்கும் பலகையைக் கழற்றினால் தலையை நிமிர்த்தாமலே படம் தெரியும். பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்துத் தருகிறோம் என்றார்கள். ஒத்திகையில் பார்த்தால் அது பெரிய திரைக்குக் கால்விநாடி பிந்தி வந்தது. கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் நிழல் விழும் இடத்தில் அந்தக் கால்விநாடி எல்லாவற்றையும் கெடுக்கும். வேண்டாம் என்றுவிட்டேன். நம் ஊர் அரங்குகளின் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே புழுக்கம், உள்ளே குளிர்பெட்டி. ஒரு குடுவையில் வெந்நீர், குடிக்க இல்லை, படம் தொடங்கும்வரை கையில் பிடித்துக்கொண்டிருக்க. பியானோவுக்கும் இதே பிரச்சினைதான். காலையில் சுருதி சேர்த்ததைக் குளிரூட்டி ஓடிய பிறகு மறுபடி கேட்டுப் பார்க்கச் சொன்னேன். நடுவில் இரண்டு கட்டைகளின் சுருதி இறங்கியிருந்தது.

என்ன வாசிப்பது என்பதற்குப் பதில் வீட்டில், தற்செயலாகக் கிடைத்தது. முதல் இரவில் நான் நம்பியது டிமினிஷ்டு கார்டுகளை. பேய்ப் படம் என்றால் உலகம் முழுக்க எல்லாரும் கை வைக்கும் இடம். அதைக் கேட்டதுமே காதுக்கு ‘ஓ, பயப்பட வேண்டுமா’ என்று தெரிந்துவிடும். இந்த முறை அதைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்து, இடது கையில் ஒரே ஒரு சி-யைத் தம்புரா மாதிரி பிடித்துக்கொண்டு மேலே துழாவினேன். கை தானாக எஃப் ஷார்ப்புக்குப் போனது. சி-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஐரோப்பியர்கள் இசைக்குள் இருக்கும் சாத்தான் என்பார்கள். நமக்கு அது பிரதி மத்யமம் என்ற ஸ்வரம், அவ்வளவுதான். துழாவத் துழாவ டி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஜி, ஏ ஃப்ளாட், பி எல்லாம் வந்து சேர்ந்தன. அரை மணி நேரம் கழித்துத்தான் தலையில் தட்டியது: இது சுபபந்துவராளி. சனிக்கிழமை வகுப்பில் தூக்கம் தூக்கமாக வரும் என்று திட்டிக்கொண்டே பாடிய ராகம்.

பியானோவில் கமகம் வராது. ஸ்வரத்தை ஆட்ட முடியாது, வழுக்க முடியாது. ராகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று வித்வான்கள் கோபிப்பார்கள், நியாயம்தான். ஆனால் இந்தப் படத்துக்கு உயிர் இல்லாத சுபபந்துவராளிதான் தேவைப்பட்டது. அசையாத ஸ்வரங்கள், நடுவில் நீண்ட இடைவெளி. ஓர்லோக் நிற்பதும் அப்படித்தான், கையைத் தொங்கவிட்டு, கண் சிமிட்டாமல்.

அப்புறம் ஓர் இரவு கடைசிக் காட்சிக்காக முட்டிக்கொண்டிருந்தேன். சேவல் கூவுகிறது, சூரியன் எழுகிறது, வெளிச்சம் பட்டதும் பிரபு புகையாகிப் போகிறார். அதற்கு எதை வாசித்தாலும் கல்யாண வரவேற்பு மாதிரி இருந்தது. களைத்துப்போய்ச் சுபபந்துவராளியையே திரும்ப வாசித்தேன். மத்யமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். மிஞ்சியது ஸ, ரி, க, ப, த. பூபாளம். விடியற்காலை ராகம். பேயின் ராகத்திலிருந்து இரண்டே இரண்டு ஸ்வரத்தைக் கழித்தால் விடிந்துவிடுகிறது! இரவு மணி பத்தைத் தாண்டியிருந்தது, மாச்சிக் தூங்கியிருப்பார். பியானோ மூடியைத் தட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

இரண்டாம் இரவில் குதிரை வண்டி வந்தபோது அதன் வேகத்தோடு நான் ஓடவில்லை. வண்டி தடதடவென்று பாய, அடியில் நாலு ஸ்வரம், ஒவ்வொன்றும் மூச்சு விடுகிற நேரத்துக்கு. படம் வேகம், காது மந்தம். பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது, அதுவும் பாதியில் நின்றது. காடு திடீரென்று நெகட்டிவ் பிம்பமாகி மரமெல்லாம் வெள்ளையாகும் இடத்தில் கையை மேல் கட்டைகளுக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான். ஹுட்டர் பல்லைக் காட்டிக்கொண்டு துள்ளும் காட்சிகளில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க விட்டேன். அங்கே சிரிப்பவன்தான் பின்னால் பயப்படுவான்.

கதவுக் காட்சிக்கு வருகிறேன். ஹுட்டர் கதவை இழுத்துச் சாத்துகிறான், தாழ்ப்பாள் இல்லை. படுக்கையில் ஏறிப் போர்வைக்குள் ஒளிகிறான். கதவு தானாகத் திறக்கிறது. முதல் இரவில் இங்கேதான் உறுமினேன். இப்போது கதவு திறக்க ஆரம்பிக்கும்வரை ஒரு ஸ்வரத்தை மட்டும், ஒரே அளவில், தண்ணீர் சொட்டுவதுபோல் வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு அசைந்ததும் நிறுத்திவிட்டேன். கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பெடலை மட்டும் விடவில்லை. கடைசி ஸ்வரம் கம்பிகளில் தேய்ந்துகொண்டே போனது. அரங்கின் குளிரூட்டிச் சத்தம் முதல்தடவையாகக் கேட்டது. யாரோ ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த சத்தமும் கேட்டது. என் வாசிப்பில் அன்றைக்குச் சிறந்த இடம் நான் வாசிக்காத அந்த ஆறேழு விநாடிதான். கை மடியில் இருந்தும் விரல் துடித்தது, ஏதாவது செய் செய் என்று. அதைப் பொறுத்துக்கொள்வதற்குத்தான் உண்மையில் பயிற்சி வேண்டும்.

கப்பல் காட்சிகளில் தவறும் நடந்தது. ஆளில்லாத கப்பல் துறைமுகத்துக்குள் நழுவி வருவதற்கு முன்பே பெடலை அதிகம் மிதித்து ஸ்வரமெல்லாம் குழம்பிப் போயிற்று. அடிக்கட்டைகளில் பெடலைப் பாதி மட்டும் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேய் வராது, கூழ்தான் வரும். வீட்டு அப்ரைட்டில் தெரியாத இந்த விஷயம் பெரிய கிராண்டில் உடனே தெரியும். அரங்கத்துப் பியானோவில் ஒருமணி நேரமாவது உட்காராமல் மேடை ஏறாதீர்கள். பிளேக் நோய் வந்து தெருவில் சவப்பெட்டிகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் மட்டும் தாளம் வைத்தேன், தூக்குபவர்களின் கால் நடைக்கு. படத்தில் யாராவது நடந்தால் அந்த நடையைப் பிடித்துக்கொள்வது தொடக்கக்காரர்களுக்கு நல்ல ஊன்றுகோல். மற்றபடி மணி அடித்தால் ‘டங்’ என்று வாசிப்பதும் சேவல் கூவினால் கூவுவதும் வேண்டாம். கண் பார்த்ததையே காதுக்கும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

கடைசியில் நிழல் படியேறி வந்தது. அந்தக் கைநிழல் ஹுட்டரின் மனைவி எல்லனின் நெஞ்சின் மேல் ஊர்ந்து, மூடிக்கொண்டது. மத்யமத்தை அங்கே விட்டேன். சேவலுக்கு நிஷாதத்தை விட்டேன். திரையில் நீலம் விலகி ஜன்னலில் வெளிச்சம் ஏறியபோது ஐந்து ஸ்வரம்தான் கையில் இருந்தது. மெதுவாக, கோயிலில் யாரோ தூரத்தில் வாசிக்கிற மாதிரி. பிரபு புகையாகிப் போனார்.

விளக்குப் போட்ட பிறகு, வேட்டியும் விமான நிலைய முத்திரை போட்ட பையுமாக ஒரு பெரியவர் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பேத்தி அழைத்துவந்திருக்கிறாள் போல. எழுபத்தைந்து வயதிருக்கும்.

“ஏம்மா, கடைசியில வாசிச்சது பூபாளம்தானே?”

“ஆமா அங்கிள்.”

“பேய் செத்ததுக்குப் பூபாளமா?” வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். “அந்த ரிஷபத்தை இன்னும் கொஞ்சம் அசைச்சிருக்கலாம்.”

“பியானோவுல அசைக்க முடியாது அங்கிள்.”

கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்தார். ஒரு வெள்ளைக் கட்டையை மெல்ல அமுக்கி, பக்கவாட்டில் ஆட்டியும் பார்த்தார்.

“அப்போ அடுத்த தடவை அந்த இடத்துல பாடிடும்மா” என்றார்.

சனிக்கிழமை காலைகளில் அம்மாவின் பழைய சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்திருக்கிறேன்.